வாயிற்காவலன் யாருக்காக வந்தான்?

மாக்பெத் நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் ஒரு காட்சி உண்டு. விருந்தினனாக வந்த அரசன் டங்கன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் தன் கைக் குருதியைப் பார்த்து நடுங்கி நிற்கிறான். அவன் மனைவி கத்திகளைக் கொண்டுபோய், உறங்கும் மெய்க்காவலர் அருகே வைத்துவிட்டுத் திரும்புகிறாள். அவ்வேளையில் கோட்டைக் கதவை யாரோ தட்டுகின்றனர். இருவரும் உள்ளே ஓடி மறைகின்றனர். தட்டும் ஓசை நின்றபாடில்லை. குடிமயக்கம் தெளியாத ஒரு வாயிற்காவலன் தள்ளாடி வருகிறான். கதவைத் திறக்க வேண்டும் என்னும் அவசரம் அவனுக்கு இல்லை. தன்னை நரகத்து வாயில் காப்போனாக எண்ணிக்கொண்டு, தட்டுபவர் யாராக இருக்கலாம் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வரவேற்கிறான். விளைச்சல் பெருகப் போகிறது என்று அறிந்து, பதுக்கிய தானியம் விலை போகாதே எனத் தூக்கிட்டுக்கொண்ட உழவன் ஒருவன். ஒரு சொல்லில் இரண்டு பொருள் வைத்துச் சத்தியம் செய்தவன் ஒருவன். துணி திருடிய தையற்காரன் ஒருவன். பின்பு, நரகமாக இருப்பதற்கு இந்த இடம் மிகக் குளிர்கிறது என்று சொல்லிக் கதவைத் திறந்து, வந்தவரிடம் கையை நீட்டிக் காசும் கேட்கிறான்.

இந்தக் காவலனை என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்தவர்கள் பாமரர் அல்லர், மேதைகள். 1660ஆம் ஆண்டில் இலண்டன் அரங்குகள் மீண்டும் திறந்த பின்னர், டேவனன்ட் என்பவர் இந்நாடகத்தைத் திருத்தி அமைத்தார். சூனியக்காரிகளுக்கு ஆடலும் பாடலும் சேர்த்தார், காவலனை நீக்கிவிட்டார். 1800ஆம் ஆண்டில் வைமார் நகர அரங்கிற்காக இதனை ஜெர்மன் மொழியில் ஆக்கிய ஷில்லர், குடிகாரக் காவலன் இருந்த இடத்தில் இறைவனைத் துதித்துக் காலைப் பாட்டுப் பாடும் நல்லவன் ஒருவனை நிறுத்தினார். ஆங்கிலத் திறனாய்வின் தந்தையருள் ஒருவராகிய கோலரிட்ஜ், இந்தப் பேச்சு ஷேக்ஸ்பியர் எழுதியதே அன்று, கீழ்த்தளத்துக் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேறு எவரோ எழுதிச் சேர்த்தது என்று கருதினார். அதிலும் ஒரு தொடரை மட்டும் ஷேக்ஸ்பியருக்கே விட்டுக்கொடுத்தார்! தமக்குப் பிடித்த அடியைப் புலவனுக்கும் பிடிக்காததை இடைச்செருகல்காரனுக்கும் பங்கிட்டுத் தரும் வழக்கம், நம் பதிப்பாசிரியர்க்கு மட்டும் உரியது அன்று போலும்.

ஒரு நாடகத்திற்குத் திறனாய்வாளர் காணும் பொருள் எத்தகையது என்று அறிவதற்கு ஓர் எளிய வழி உண்டு. அவர் எதனைப் பாராட்டுகிறார் என்று பார்ப்பதைவிட, எந்தக் காட்சியை வேண்டாம் என்று தள்ளுகிறார் என்று பார்க்க வேண்டும். துன்பியல் என்றால் அழுகை, அச்சம், பெருமிதம் ஆகியனவே அமைய வேண்டும் என்று முன்னரே முடிவு செய்துகொண்டவருக்குக் காவலனின் நகை இடையூறாகத்தான் இருக்கும். காவலனைத் தள்ளியவர்கள் அவனை மட்டும் தள்ளவில்லை. தம் கொள்கைக்குள் அடங்காத ஷேக்ஸ்பியரையே ஒரு பங்கு தள்ளினார்கள்.

இந்த நிலையை மாற்றியவர் டி குவின்சி. 1823ஆம் ஆண்டு இலண்டன் இதழ் ஒன்றில் அவர் எழுதிய சிறு கட்டுரை, கதவு தட்டும் அந்த ஓசையைப் பற்றியது. சிறு வயது முதல் அவ்வோசை தம் உள்ளத்தில் ஏன் அவ்வளவு அச்சத்தை எழுப்புகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. அறிவைக் கேட்டால், அதில் அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை என்றது. அவரோ தம் உணர்வையே நம்பி, அதற்குக் காரணம் தேடினார். கொலை நிகழும் வேளையில் அந்தக் கோட்டை மனித உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுவிடுகிறது, காலமும் நின்றுவிடுகிறது. கதவு தட்டப்படும்போதுதான் நின்ற உலகம் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. இயல்பான வாழ்க்கை திரும்பிவரும் அந்த நொடியிலேதான், இதுவரை நின்றிருந்த இடம் எவ்வளவு கொடியது என்பது காண்போருக்கு உறைக்கிறது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு இக்கருத்தை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை. திருவிழா நாளில் கோயில் திடலில் விடிய விடிய அரிச்சந்திரன் கதை நடக்கும். மயான காண்டத்தில் சந்திரமதி மகனைக் கிடத்தி அழும்போது, லயத்து மக்கள் எல்லாரும் சுடுகாட்டிலேயே நிற்பர். அந்நேரம் எங்கோ ஒரு சேவல் கூவினால், அல்லது பக்கத்துப் பிரிவில் பிரட்டுக்கு மணி அடித்தால், நெஞ்சு திடுக்கிடும். நாளைப் பொழுது வந்துவிட்டது. பால் வாளியைத் தூக்க வேண்டும். அழுத அழுகையின் ஆழம் அப்போதுதான் தெரியும்.

ஆயினும் டி குவின்சியின் கட்டுரையில் ஒரு குறை உண்டு. அவர் ஓசையைப் பற்றிப் பேசினார். காவலனைப் பற்றிப் பேசவே இல்லை. கதவு தட்டப்படுவதுதான் வேண்டும் என்றால், ஒரு வேலைக்காரன் ஓடிவந்து திறந்துவிட்டுப் போயிருக்கலாமே. அவன் ஏன் குடித்திருக்க வேண்டும்? உழவனையும் சத்தியம் செய்தவனையும் ஏன் அழைக்க வேண்டும்?

இவ்வினாவுக்குப் பிராட்லியிடமும் விடை இல்லை. 1904ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய துன்பியல் விரிவுரைகள் இன்றளவும் ஆசிரியர்களுக்குப் பெருந்துணையாக விளங்குபவை. ஆயினும், காவலன் தமக்குப் புன்னகைகூட வருவிக்கவில்லை, அந்த நேரம் அவ்வளவு பயங்கரமானது என்று கூறி அவர் நகர்ந்துவிடுகிறார். அவருடைய நோக்கெல்லாம் மாந்தர் மனத்தின்மேல். ஒரு பாத்திரம் பேசிய சொற்களைக் கொண்டு, பேசாதவற்றையும் உய்த்துணர்வது அவர் முறை. தான் ஒரு குழந்தைக்குப் பாலூட்டியது உண்டு என்று மாக்பெத்தின் மனைவி கூறுகிறாள். தன் மக்கள் கொலையுண்ட செய்தி கேட்ட மாக்டஃபோ, அவனுக்குப் பிள்ளைகள் இல்லை என்று அலறுகிறான். அந்த ‘அவன்’ யார்? கொலை செய்வித்த மாக்பெத்தா, அருகில் நின்று ஆறுதல் கூறும் மால்கமா? இத்தகைய வினாக்களைப் பிராட்லி நூலின் பின்னிணைப்பில் பொறுமையாக ஆராய்கிறார். 1916ஆம் ஆண்டில் ஃபிராய்டு இன்னும் ஒரு படி மேலே சென்று, மகப்பேறின்மையே இத்தம்பதியின் வீழ்ச்சிக்கு வேரோ என்று வினவினார்.

இந்தப் போக்கை எள்ளி நகையாடியே 1933ஆம் ஆண்டில் எல். சி. நைட்ஸ், மாக்பெத்தின் மனைவிக்கு எத்தனை பிள்ளைகள் என்று தம் நூலுக்குப் பெயரிட்டார். நாடகம் என்பது சொற்களால் ஆகிய ஒரு கவிதை. பாத்திரங்கள் அண்டை வீட்டார் அல்லர், நாடகத்துக்கு வெளியே அவர்களுக்கு வாழ்க்கை இல்லை என்பது அவர் வாதம். நம் பட்டிமன்றங்களை நினைத்துப் பார்த்தால், நைட்ஸ் யாரைக் கண்டித்தார் என்பது எளிதில் புலனாகும். கற்பிற் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று மேடையில் மூன்று மணி நேரம் வழக்காடும்போது, இளங்கோவடிகளின் காப்பியம் மெல்ல மறைந்து, இரண்டு குடும்பத்துப் பெண்களே எஞ்சி நிற்கின்றனர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. காப்பியம் கற்றதாகுமா என்பது வேறு.

பள்ளிகளில் இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. தமிழ் இலக்கியப் பாடத்தில் நாடகம் பயிலும் மாணவனைக் கேட்டால், கதைமாந்தர் பண்புநலன் ஐந்தும் படிப்பினை மூன்றும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். மாக்பெத் பேராசைக்காரன், பேராசை பெருநட்டம், முடிந்தது. அந்த விடையில் காவலனுக்கு இடம் எங்கே? காவலன் இல்லாமலே எழுதிவிடக்கூடிய விடை, அவன் இருக்கும் நாடகத்துக்கு உரிய விடை ஆகாது. பயிற்சிக் கல்லூரியில் பயிலும் இளம் ஆசிரியர்க்கு வகுப்பை நடத்தும் முறைகள் பல கற்பிக்கப்படுகின்றன. ஒரே காட்சிக்கு நான்கு பேர் நான்கு பொருள் சொன்னால், அவற்றை எடைபோடுவது எப்படி என்பதையும் கற்பித்தால் நலம்.

காவலனின் பேச்சுக்கு வரலாற்றாசிரியர் தரும் விளக்கம் வலுவானது. 1605ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஆங்கில மன்னன் முதலாம் ஜேம்ஸையும் பாராளுமன்றத்தையும் வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சிலர் செய்த சதி வெளிப்பட்டது. அதன் தொடர்பில் ஹென்றி கார்னெட் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் 1606ஆம் ஆண்டு மே மாதம் தூக்கிலிடப்பட்டார். பொய் சொல்லாமலே உண்மையை மறைக்கும்படி இருபொருள்படப் பேசலாம் என்னும் கொள்கையை அவர் விளக்கி எழுதியிருந்தார். விசாரணையில் அதுவே பெரும் பேச்சாயிற்று. அவர் ஒளிந்து வாழ்ந்த காலத்தில் பூண்ட புனைபெயர்களுள் ஒன்று உழவன் என்று பொருள்படும் சொல். காவலன் அழைத்த உழவனும், இருபொருள் வைத்துச் சத்தியம் செய்தவனும் யார் என்று அன்றைய மக்களுக்கு உடனே விளங்கியிருக்கும்.

இது செய்தி விளக்கம் மட்டும் அன்று. தமிழில் இரட்டுற மொழிதல் என்பது புலவர் விளையாட்டு. காளமேகத்தைப் படித்து மகிழ்கிறோம். மாக்பெத் நாடகத்திலோ அதுவே கொல்லும் கருவி. காடு நடந்து வந்தாலொழியத் தோல்வி இல்லை என்கிறது ஆவி. படைவீரர் கிளைகளை வெட்டி ஏந்தி வருகையில் காடு நடக்கிறது. பெண் பெற்ற எவனாலும் தீங்கில்லை என்கிறது மற்றொன்று. மாக்டஃபோ தாய் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவன். சொல் பொய்க்கவில்லை, பொருள்தான் மாறிப்போயிற்று. இறுதி அங்கத்தில் மாக்பெத் கண்டுகொள்ளும் இந்த உண்மையை, இரண்டாம் அங்கத்திலேயே ஒரு குடிகாரன் உளறிவிட்டுப் போகிறான். அவனை நீக்கினால் நாடகத்தின் முதுகெலும்பில் ஒரு கணுவை நீக்கியதாகும்.

பதினோராம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கோட்டையில் நிற்கும் ஒருவன், பதினேழாம் நூற்றாண்டு இலண்டன் வழக்கைப் பேசுவது எப்படி என்று மேனாட்டு ஆய்வாளர் சிலர் மயங்கினர். கூத்துப் பார்த்த தமிழனுக்கு இதில் மயக்கம் இல்லை. பாஞ்சாலி சபதக் கூத்தில் கட்டியங்காரன் வருகிறான். துரியோதனன் வருகையை அறிவித்த அதே வாயால் ஊர்ப் பஞ்சாயத்தைக் கேலி செய்கிறான். அரிசி விலையைப் பேசுகிறான். இசை நாடகங்களில் பபூன் வந்து செய்த வேலையும் இதுவே. தோட்டத்து மேடைகளில் அவ்வேடத்தை ஏற்றவர் கங்காணியையும் கிராணியையும் தொட்டுப் பேசாமல் போவது அரிது. கதையின் காலத்துக்கும் காண்போர் காலத்துக்கும் நடுவே நின்று, இரண்டையும் முடிச்சுப் போடுபவன் அவன். சிரம்பானிலிருந்து பகாவ் வரை ரப்பர்க் காடுகளுக்குள் கூடியிருந்த எந்தக் கூட்டமும் மாக்பெத் காவலனைக் கண்டு, இவன் எதற்கு என்று கேட்டிருக்காது. அவன் காசு கேட்டதற்கும் வியந்திருக்காது.

ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடக் கூடாது. கட்டியங்காரன் இரவெல்லாம் அரங்கில் இருப்பான்; மாக்பெத் காவலன் ஒரு முறை வந்து மறைகிறான். கட்டியங்காரன் கதைக்கு வெளியே நின்று நகைப்பான். காவலனின் நகை கதையின் கருவுக்குள்ளேயே நிற்கிறது. எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு என்று மகிழ்வது ஒப்பியல் ஆகாது.

தமிழிலிருந்து ஷேக்ஸ்பியரை அளக்க ஒரு முழுமையான அளவுகோலைத் தந்தவர் விபுலானந்த அடிகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1926ஆம் ஆண்டு வெளிவந்த மதங்க சூளாமணி என்னும் நூலில், அடியார்க்கு நல்லார் உரையிலிருந்து நாடக உறுப்புகளைத் திரட்டி, அவற்றுக்கு ஷேக்ஸ்பியர் நாடகங்களையே எடுத்துக்காட்டாக வைத்தார். மதங்கர் என்றால் கூத்தர். அவர்தம் முடிமணி ஷேக்ஸ்பியர். மாக்பெத் அங்கே மகபதி ஆகிறான். காரைதீவில் பிறந்து, அறிவியல் பயின்று, துறவு பூண்ட ஒருவர், ஆங்கில நாடகத்தைத் தமிழ் இலக்கணத்தில் நிறுத்திக் காட்டியது சிறிய துணிவு அன்று. நாடகத் தமிழ் இலக்கணங்கள் அழிந்துபட்டன என்று ஏங்கியிருந்த காலத்தில், உரையில் எஞ்சிய சில வரிகளே உலகப் பெரும்புலவனை அளக்கப் போதும் என்றார் அவர்.

அந்த அளவுகோலின் ஒரு பகுதி ஐந்து சந்திகள்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். அடியார்க்கு நல்லார் இவற்றைப் பயிர்த்தொழிலை வைத்து விளக்குகிறார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் கருக்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் முற்றித் தாழ்வது விளைவு. அறுத்துப் போரிட்டுத் தூற்றிக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். ஐந்து அங்க நாடகத்துக்கு ஐந்து சந்தி என்று எண்ணிக்கை பொருத்திப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்பவர் பலர். உவமையையும் கையோடு எடுத்துக்கொண்டு மாக்பெத்துக்குள் போனால் வியப்பு மிகும்.

முதல் அங்கத்தில் பாங்கோ சூனியக்காரிகளிடம், காலத்தின் வித்துகளுள் எது முளைக்கும் எது முளைக்காது என்று உங்களால் காண முடியுமோ என்று கேட்கிறான். வென்று வந்த மாக்பெத்திடம், உன்னை நட்டுவிட்டேன், இனி வளர்ப்பேன் என்கிறான் டங்கன். அங்கே நான் வளர்ந்தால் அறுவடை உமதே என்கிறான் பாங்கோ. இரண்டாம் அங்கத்தில் நம் காவலன், விளைச்சலைக் கண்டு தூக்கிட்டுக்கொண்ட உழவனை அழைக்கிறான். மூன்றில் பாங்கோ கொல்லப்படுகிறான். அவன் மகன் தப்பிவிடுகிறான், வித்து தப்புகிறது. நான்கில் குருதி தோய்ந்த குழந்தை ஒன்றும், முடிசூடிக் கையில் மரம் ஏந்திய குழந்தை ஒன்றும் தோன்றுகின்றன. ஐந்தில் தன் வாழ்வு பழுத்து உதிரும் இலையாகிவிட்டது என்கிறான் மாக்பெத். வெட்டிய கிளைகள் அவனை நோக்கி வருகின்றன. 1935ஆம் ஆண்டில் கரோலின் ஸ்பர்ஜன் என்னும் அம்மையார் உவமைகளை எண்ணி ஆராய்ந்து, பொருந்தாத ஆடை இந்நாடகத்தில் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார். 1947ஆம் ஆண்டில் கிளியந்த் புரூக்ஸ், குழந்தை என்னும் படிமத்தைத் தொடர்ந்து சென்றார். அடியார்க்கு நல்லாரின் உவமையை ஏந்திச் செல்பவர்க்கு வித்தும் பயிரும் கண்ணில் படுகின்றன. ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு சரட்டை இழுத்துக் காட்டுகிறது. சரடு நாடகத்தில் உண்மையாக இருக்கிறதா என்பதே கேள்வி. இங்கே இருக்கிறது. காவலன் அழைத்த உழவன் இந்தச் சரட்டில் ஒரு மணியாக வந்து விழுகிறான்.

இந்தியத் திரைப்படங்களும் விளக்கங்களே. 2003ஆம் ஆண்டில் விஷால் பரத்வாஜ் எடுத்த மக்பூல் படத்தில், சாதகம் கணித்துச் சிரிக்க வைக்கும் இரண்டு காவல்துறையினர் வருகின்றனர். சூனியக்காரிகளையும் வாயிற்காவலனையும் ஒன்றாக்கிவிட்ட துணிவு அது. எதிர்காலம் சொல்பவனும் வாயில் காப்பவனும் கேலி செய்பவனும் ஒருவனே என்றால், அச்சத்துக்கும் நகைக்கும் இடையே சுவர் இல்லை என்றாகிறது. 2021ஆம் ஆண்டின் மலையாளப் படமாகிய ஜோஜி, தோட்டம் உடைய ஒரு குடும்பத்துக்குள் இக்கதையை வைத்தது. அங்கே சூனியக்காரிகள் இல்லை. தந்தையின் சொத்தே போதுமானதாக இருக்கிறது.

எனினும் சந்தி இலக்கணத்துக்கு ஓர் இடர் உண்டு. துய்த்தல் என்பது விளைந்ததை உண்டு மகிழ்வது. மாக்பெத் எதை உண்டான்? முடி சூடிய விருந்திலேயே, இறந்த பாங்கோவின் ஆவி அவன் இருக்கையில் அமர்ந்துகொண்டது. உறக்கமும் போயிற்று. தலைவன் பயன் பெறுவதையே நாடகத்தின் முடிவாகக் கொண்ட வடமொழி மரபும் தென்மொழி மரபும் இங்கே தடுமாறவே செய்யும். அரியணை ஏறும் மால்கம் துய்த்தான் என்று சொல்லிவிடலாம் என்றால், அவனுடைய இறுதிப் பேச்சோ, காலத்துக்கு ஏற்பப் புதிதாக நட வேண்டியவற்றைப் பற்றியது. அறுவடையில் முடிய வேண்டிய நாடகம் நடவில் முடிகிறது. பழைய மரங்களை வீழ்த்திவிட்டு மறுநடவு செய்த நிலத்தைக் கண்டவர்க்கு இது தெரியும். புதிய கன்று பலன் தர ஆண்டுகள் ஆகும். நட்டவரே பால் எடுப்பார் என்பதும் இல்லை.

அப்படியானால் துய்த்தவர் எவரும் இல்லையா? ஒருவர் உண்டு, ஆனால் அவர் மேடையில் இல்லை. ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு, 1603ஆம் ஆண்டு முதல் ஜேம்ஸ் மன்னனின் ஆதரவு பெற்ற குழு. அம்மன்னனின் குலம் பாங்கோவின் வழிவந்தது என்று அக்காலத்து வரலாற்று நூல்கள் எழுதின. இந்நாடகம் அவன் முன்னிலையில் நடந்தது என்பதற்குச் சான்று இல்லை. அவனை எண்ணி எழுதப்பட்டது என்று பலர் கருதுகின்றனர். நான்காம் அங்கத்தில் பாங்கோவின் வழித்தோன்றல்களாக எட்டு அரசர்கள் வரிசையாகச் செல்கின்றனர். எட்டாமவன் கையில் ஒரு கண்ணாடி. அதற்குள் இன்னும் பல அரசர்கள் தெரிகின்றனர். தான் விதைத்ததை எல்லாம் எவர் அறுத்துக்கொண்டு போகப் போகிறார் என்பதை, மாக்பெத் அந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.